உயர்த்திய பிக்கப்புக்கு அப்பர் ஆர்ம் தேர்ந்தெடுப்பது எப்படி?

இரண்டு அங்குலம் உயர்த்திய பிக்கப்பின் முன்சக்கரம் சாலைக் குழியில் இறங்கும்போது 'டக்' என்ற உலோகச் சத்தம் கேட்டால், பல பட்டறைகளில் முதலில் கிடைக்கும் ஆலோசனை முன்சக்கரத்தின் மேல்முனையை வண்டியின் சட்டகத்தோடு (சேசி) இணைக்கும் மேற்கையை, அதாவது அப்பர் ஆர்மை, மாற்றச் சொல்வதுதான். அது சில வேளைகளில் சரியான ஆலோசனை, சில வேளைகளில் வீண்செலவு. கோலாலம்பூரில் வார நாள்களில் எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலையிலும், வார இறுதிகளில் உலு லங்காட், பெந்தோங் பக்கத்துச் செம்மண் பாதைகளிலும் ஒரே ஹைலக்ஸை ஓட்டிவரும் எனக்கு இந்த இரண்டு அனுபவமும் உண்டு. வாங்குவதற்கு முன் எதை அளக்க வேண்டும், கடைக்காரரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கண்டால் திரும்பி வந்துவிட வேண்டும் என்பதை அந்த அனுபவத்தைக் கொண்டே எழுதுகிறேன்.

அப்பர் ஆர்ம் வண்டியை உயர்த்துவதில்லை. உயர்த்துபவை ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் அப்சோபரும், உயரம் கூட்ட இடையில் வைக்கும் ஸ்பேசர் துண்டும். அந்த உயரத்தால் கெட்டுப்போன கோணங்களையும் குறைந்துபோன இடைவெளியையும் மீட்டுத் தருவதே ஆர்மின் வேலை. ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன், 2012க்குப் பிந்தைய டிமேக்ஸ் ஆகியவற்றின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்திற்கும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கைகள் உண்டு. கீழ்க்கை பெரியது, வண்டியின் எடையை ஸ்பிரிங் வழியாகத் தாங்குவது அதுதான். மேற்கைதான் அப்பர் ஆர்ம். அது சிறியது, எடையைத் தாங்காமல், சக்கரத்தின் மேல்முனை எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவுசெய்கிறது. அதன் ஒரு பக்கம் புஷ் எனும் உருளை இணைப்புகள் இரண்டின் மூலம் சேசியோடும், மறுபக்கம் பால் ஜாயிண்ட் எனும் கோள மூட்டு ஒன்றின் மூலம், சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளோடும் இணைகிறது. நடுவிலுள்ள இடைவெளியில் ஸ்பிரிங்கும் அப்சோபரும் நிற்கின்றன. ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பி கொண்ட முதல் தலைமுறை டிமேக்ஸ் போன்ற பழைய வண்டிகளின் கணக்கு வேறு. அவை இக்கட்டுரைக்குள் வரவில்லை.

வண்டியை உயர்த்தினால் மேற்கை வெளிப்பக்கமாகச் சரிந்து தொங்குகிறது. அதனால் மூன்று தொல்லைகள் வரலாம். முதலாவது, பால் ஜாயிண்ட் தன் அசைவு எல்லைக்கு அருகிலேயே எப்போதும் நிற்பதால் சீக்கிரம் தேய்கிறது, ரப்பர் உறையும் கிழிகிறது. இரண்டாவது, சக்கரம் முழுவதுமாகத் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கின் சுருள் கையின் உட்புறத்தில் மோதுகிறது. முன்னே சொன்ன 'டக்' சத்தம் பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, காஸ்டர் கோணம் குறைகிறது. ஸ்டீரிங் அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவே காஸ்டர். திருப்பத்திலிருந்து மீளும்போது ஸ்டீரிங் தானே நடுவுக்கு வருவதற்கும், காராக் நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது வண்டி அலையாமல் நேராக ஓடுவதற்கும் அந்தச் சாய்வுதான் காரணம். இந்த வகைப் பிக்கப்புகளில் அது பொதுவாக 2 முதல் 4 பாகைக்குள் இருக்கும். அது 1 பாகைக்கு இறங்கிவிட்டால், பக்கத்தில் பேருந்து ஒன்று கடந்துபோகும் காற்றுக்கே ஸ்டீரிங்கைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

எப்படி உயர்த்தினோம் என்பது எவ்வளவு உயர்த்தினோம் என்பதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது. பலர் கவனிக்காத இடமும் இதுதான். பழைய அப்சோபரின் நீளத்தையே உடைய புதிய அப்சோபரில் வலுவான ஸ்பிரிங்கைப் போட்டு உயர்த்தினால், சக்கரம் தொங்கக்கூடிய கடைசி எல்லை மாறுவதில்லை. அந்த எல்லைக்குச் சற்று அருகில் நின்று ஓடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அப்சோபரின் தலையில் ஸ்பேசர் வைத்தாலோ நீளமான அப்சோபரைப் போட்டாலோ, தொங்கும் எல்லையே கீழே இறங்கிவிடுகிறது. தலையில் வைக்கும் ஸ்பேசரின் கனம் சக்கரத்தில் ஏறக்குறைய இருமடங்கு உயரமாக வெளிப்படுவதால், 25 மில்லிமீட்டர் துண்டு என்று எளிதாக நினைத்துவிடக் கூடாது. என் வண்டியில் முதலில் போடப்பட்டது அத்தகைய ஸ்பேசர்தான். பொருத்திய பட்டறையில் தொங்கும் எல்லையை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அப்படிச் சோதிக்க வேண்டும் என்பது அன்று எனக்கும் தெரியாது. நான்கு மாதங்களுக்குப் பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, மேற்கையின் உட்புறத்தில் வண்ணப்பூச்சு உரிந்து இரும்பு பளபளத்துக்கொண்டிருந்தது.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டின் கீழ்விளிம்பு வரை செங்குத்தாக அளந்து, இடம் வலம் இரண்டையும் எழுதி வையுங்கள். டயரை மாற்றினாலும் இந்த அளவு மாறாது என்பதால், தரையிலிருந்து எடுக்கும் அளவைவிட இதை நம்பலாம். உயர்த்துவதற்கு முன்பே எடுத்து வைத்த அளவு இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதே மாடலில், அதே ஆண்டில், எதுவும் மாற்றாத வண்டி ஒன்றில் அளந்து ஒப்பிடலாம். 25 மில்லிமீட்டர் வரை உயர்ந்த வண்டிக்கு ஆர்ம் மாற்ற வேண்டிய தேவை பொதுவாக எழுவதில்லை. அதற்கு மேல் 50 வரை உள்ளவற்றைச் சோதித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 50க்கு மேல் போனால் பெரும்பாலும் தேவைப்படும். 75ஐத் தொட்டால் ஆர்ம் மட்டும் போதாது: சக்கரத்திற்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் முன்அச்சின் சிவி ஜாயிண்ட் கோணமும், ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெட்டுவிடும், அவற்றை எந்த அப்பர் ஆர்மாலும் சரிசெய்ய முடியாது. அந்த உயரத்திற்குப் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, சேசியின் அடியில் ஜாக் வைத்துத் தூக்கி, உறுதியான தாங்கிகளில் நிறுத்திய பின், முன்சக்கரங்கள் முழுவதும் தொங்கட்டும். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கடியில் கையை நீட்டாதீர்கள். டார்ச் வெளிச்சத்தில் மேற்கைக்கும் ஸ்பிரிங் சுருளுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்டீரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பச் சொல்லி, பால் ஜாயிண்டின் தண்டு அதன் கிண்ணத்தின் விளிம்பில் முட்டுகிறதா, ரப்பர் உறை நசுங்குகிறதா என்று கவனியுங்கள். விரல் நுழைந்து, முட்டலும் இல்லாமல் இருந்தால், உங்களுக்கு எஞ்சியிருக்கும் கேள்வி காஸ்டர் மட்டுமே.

அதற்கு, சக்கரக் கோணங்களை அளந்து திருத்தும் அலைன்மென்ட் கடையில் அச்சிட்டுத் தரும் தாள் வேண்டும். டோ அளவை (சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பும் கடைகள் உண்டு. காஸ்டர், கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) இரண்டையும் இரு பக்கமும் அளந்து தாளோடு தரும் கடையைத் தேடிப் போங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹைலக்ஸில் காஸ்டரையும் கேம்பரையும் திருத்துவது கீழ்க்கையைச் சேசியோடு பிணைக்கும், திருகினால் கையின் இடத்தைச் சற்று நகர்த்தும் கேம் போல்ட்டுகள். நம் மழையிலும் சேற்றிலும் சில ஆண்டுகள் ஓடிய வண்டியில் அந்தப் போல்ட்டுகள் புஷ்ஷின் உட்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடுவது சாதாரணம். திருக முடியாத போல்ட்டை வைத்துக்கொண்டு, 'இதற்குமேல் காஸ்டர் ஏறாது, ஆர்ம் போடுங்கள்' என்று சொல்லிவிடுகிறார்கள். என் வண்டியில் அப்படித்தான் நடந்தது. புதிய ஆர்ம் போட்ட பிறகும் இரண்டு பக்கக் காஸ்டருக்கும் ஒரு பாகைக்கு மேல் வேறுபாடு இருந்தது, வண்டி இடப்பக்கமாக இழுத்தது. கடைசியில் இரண்டு கேம் போல்ட்டுகளை அறுத்தெடுத்துப் புதியவை போட்ட பின்தான் இரண்டும் அரைப் பாகைக்குள் வந்தன. முதலிலேயே அதைச் செய்திருந்தால் என் வண்டியின் உயரத்திற்குப் பழைய ஆர்மிலேயே காஸ்டர் எவ்வளவு தேறியிருக்கும் என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருப்பேன். எனவே போர்மேனிடம் (பட்டறை மெக்கானிக்) முதலில் கேட்க வேண்டியது, 'கேம் போல்ட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா, என் கண்முன்னே திருப்பிக் காட்டுங்கள்' என்பதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு ஆர்ம் தேவை என்று உறுதியானால், தேர்வில் மிக முக்கியமானது மூட்டு. சந்தையில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, கம்பெனி ஆர்மில் இருப்பதைப் போன்ற, ரப்பர் உறையால் மூடி உள்ளே கிரீஸ் நிரப்பிய பால் ஜாயிண்ட். ஆனால் கூடுதல் கோணம் வரை அசையும்படி வடிவமைத்தது. மற்றொன்று யூனிபால். வளையத்திற்குள் உலோகக் கோளம் ஒன்று, இரண்டிற்கும் நடுவே மெல்லிய டெஃப்லான் படலம், மூடும் உறை கிடையாது. கலிபோர்னியாவின் டோட்டல் கேயாஸ் போன்ற நிறுவனங்கள் வறண்ட பாலைவனப் பந்தயத்தை மனத்தில் வைத்து வளர்த்தெடுத்த வகை அது. அதன் அசைவு எல்லை அகலமானது, வலிமையும் அதிகம். நீளமான அப்சோபரோடு பந்தய ஓட்டம் ஓடுபவருக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

ஆனால் நாம் ஓட்டுவது ஆண்டு முழுவதும் மழை பெய்யும் ஊரில். செம்பனைத் தோட்டத்துச் சேறு யூனிபாலின் டெஃப்லான் படலத்தில் உப்புத்தாளைப் போல் வேலை செய்கிறது. நான் முதலில் வாங்கியது யூனிபால். படத்தில் அழகாகவும் உறுதியாகவும் தெரிந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலம் ஒன்றைக் கடந்ததும், எங்கள் தாமானின் (குடியிருப்புப் பகுதி) வேகத்தடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் முன்பக்கத்தில் தட்டும் ஒலி கேட்கத் தொடங்கியது. சேற்றுப் பயணம் ஒவ்வொன்றுக்கும் பிறகு நல்ல தண்ணீரில் கழுவி உலரவிட்டு, தேய்ந்ததும் பேரிங்கை மாற்ற ஆயத்தமாக இருப்பவர் யூனிபாலை வாங்கலாம். வேலைக்கும் குடும்பத்திற்கும் ஒரே வண்டியை வைத்திருப்பவருக்கு, கிரீஸ் செலுத்தும் நிப்பிள் உள்ள, மூடிய பால் ஜாயிண்ட்தான் ஏற்றது என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். அதை வாங்கும்போதும் ரப்பர் உறை தடிமனாக இருக்கிறதா, இரண்டு முனைகளிலும் வளையம் போட்டு இறுக்கியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். உறை கிழிந்த பால் ஜாயிண்டும் யூனிபாலைப் போலவே நீரையும் மணலையும் உள்ளே விட்டுவிடும்.

சேசிப் பக்கத்துப் புஷ்களில் ரப்பர், பாலியூரித்தேன், உலோகப் பேரிங் என்று மூன்று வகைகள் கிடைக்கின்றன. ரப்பர் அமைதியானது, பராமரிப்புக் கேட்காது. பாலியூரித்தேன் தேய்மானத்தைத் தாங்கும், ஸ்டீரிங் உணர்வைச் சற்றுக் கூர்மையாக்கும். ஆனால் கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும், ஆகையால் கிரீஸ் செலுத்த வழியுள்ளதையே எடுங்கள். உலோகப் பேரிங்கை அன்றாட வண்டிக்குக் கருத வேண்டாம்.

கையின் உடல் வார்ப்படித்த எஃகாக, உருக்குக் குழாயை வளைத்துப் பற்றவைத்ததாக, அல்லது அலுமினியமாக இருக்கும். குழாய் வகையில் குரோமோலி 4130 (ஓர் உறுதியான எஃகுக் கலவை) என்று எழுதியிருப்பதைப் பார்த்தே பலர் மனநிறைவு அடைகிறார்கள். எந்த இரும்பு என்பதைவிட எப்படிப் பற்றவைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பால் ஜாயிண்டின் கிண்ணமும் குழாயும் சேரும் இடத்தில் பற்றவைப்பு ஒரே சீரான அலைகளாக, சுற்றிலும் முழுமையாக ஓட வேண்டும். துளைகளோ, ஓரத்தில் குழாயை அரித்த பள்ளமோ, பாதியில் நின்ற கோடோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். ஓடும்போது மேற்கை முறிந்தால் சக்கரத்தின் மேல்முனை சரிந்துவிடும், ஸ்டீரிங்கும் பிரேக்கும் கைவிட்டுப் போகும். பவுடர் கோட்டிங் கல்லடியில் உரிந்தபின் அதன் அடியிலேயே துரு பரவக்கூடும் என்பதால், அடியில் துத்தநாகப் பூச்சும் உள்ளதா என்று கேட்பது நல்லது.

காஸ்டரைப் பொறுத்தவரை, நிலையான ஆர்ம், திருத்தக்கூடிய ஆர்ம் என்று இரு பிரிவுகள் உண்டு. நிலையானதில் பால் ஜாயிண்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி அமைத்திருப்பார்கள். அதனால் 2 பாகை அல்லது அதற்குச் சற்று மேல் காஸ்டர் கூடுதலாகக் கிடைக்கும். கேம் போல்ட் நன்றாகத் திரும்பும் வண்டிக்கு இதுவே போதும். எஸ்பிசி நிறுவனத்தின் ஆர்ம் போன்றவற்றில் பால் ஜாயிண்டின் இடத்தையே நகர்த்தி இறுக்கலாம். சேசி சற்று வளைந்த பழைய வண்டிக்கும், முன்னால் கனமான வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) பொருத்தியவருக்கும் அது உதவும். இறுக்க வேண்டிய நட்டுகள் கூடுகின்றன என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். காஸ்டரை மேற்கையால் கூட்டும்போது சக்கரத்தின் மையம் சிறிது பின்னுக்குப் போகும் என்பதால், பெரிய டயர் போட்டவர்கள் ஸ்டீரிங்கைக் கோடிவரை திருப்பி, டயர் பின்பக்கத்து மட்கார்டு உறையிலும் பாடி சேசியோடு இணையும் பாடி மவுண்டிலும் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ரிம் உள்நோக்கி அமர்ந்திருந்தால் டயரின் உட்சுவர் புதிய கையிலேயே உரசக்கூடும். கம்பெனி ஆர்மைவிடப் பருமனான குழாய் வகையில் இந்த ஆபத்து அதிகம்.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள். ஹைலக்ஸ் என்றால் 2015இல் வந்த தலைமுறையா, அதற்கு முந்தியதா? ஃபோர் வீல் டிரைவா, தாழ்வான டூ வீல் டிரைவா? ரேஞ்சர் என்றால் 2022இல் வந்த புதிய தலைமுறையா, அதற்கு முந்தியதா? ராப்டரின் சக்கர அகலம் சாதாரண ரேஞ்சரைவிட அதிகம் என்பதால் அதற்குத் தனி ஆர்ம். சேசி எண்ணைக் கொடுத்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஏபிஎஸ் வயரையும் பிரேக் குழாயையும் பிடித்து நிறுத்தும் தாங்கி புதிய கையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்; இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கட்டில் கட்டி அனுப்புவார்கள், அது டயரில் உரசி அறுந்த வண்டியை நானே பார்த்திருக்கிறேன்.

கெப்போங், செகாம்புட் பக்கத்துக் கடைகளில் ஆஸ்திரேலிய, அமெரிக்க, தாய்லாந்து ஆர்ம்கள் வரிசையாகத் தொங்கும். பிக்கப் தயாரிப்பில் தாய்லாந்து பெரிய மையம் என்பதால் அங்கிருந்து வருவதைத் தரக்குறைவென்று ஒதுக்க வேண்டியதில்லை. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'இந்தப் பால் ஜாயிண்ட் தேய்ந்தால் அதை மட்டும் தனியாகத் தர முடியுமா? புஷ் இப்போதே கையிருப்பில் இருக்கிறதா?' எடுத்துக் காட்டினால் வாங்குங்கள். 'ஆர்டர் போட்டால் வரும், அண்ணே' என்பது பதிலானால், ஒரு சிறு மூட்டுக்காக வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கும் நிலையையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சட்டத்தையும் மறந்துவிட வேண்டாம். சஸ்பென்ஷன் உயரத்தை மாற்றுவது ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் பார்வைக்கு உரிய விஷயம். பொருத்திய பின் பிரச்சினை வருவதைவிட, முன்கூட்டியே விண்ணப்பித்து எழுத்து வடிவில் அனுமதி பெறுவதும், காப்புறுதி நிறுவனத்திற்கு மாற்றத்தைத் தெரிவிப்பதும் பாதுகாப்பு. ரசீதையும் அலைன்மென்ட் தாள்களையும் ஒரே உறையில் வையுங்கள்.

பொருத்தும் நாளில் பக்கத்தில் இருங்கள். சில வண்டிகளில் மேற்கையின் நீண்ட போல்ட் வெளியே வர, எஞ்சின் அறையின் உள்தகட்டைச் சற்று விலக்க வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க யாரும் போல்ட்டை அறுக்க விடாதீர்கள். பால் ஜாயிண்டின் கூம்புத் தண்டும் நக்கிளின் துளையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்திருக்க வேண்டும், நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின் புதியதாக இருக்க வேண்டும். ரப்பர் புஷ் என்றால், சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுதியாக இறுக்கவே கூடாது. ரப்பர் அதே கோணத்தில் பூட்டப்பட்டு, வண்டி தரையில் இறங்கியதும் முறுக்கிக்கொண்டே நின்று, சில மாதங்களில் கிழிந்துவிடும். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தன் சொந்த எடையில் தரையில் நிற்கவைத்த பிறகு, தயாரிப்பாளரின் தாளில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். அவசரத்தில் மிகுதியாகத் தவறிப்போகும் படி இதுதான்.

அலைன்மென்ட்காரரிடம், கேம்பரைப் பூஜ்யத்திற்கு அருகில் வைத்து, கிடைக்கும் காஸ்டரை இரு பக்கமும் சமமாகத் தரும்படி சொல்லுங்கள். புதிய வண்டிகளில் ஸ்டீரிங் கோண உணரியையும் பூஜ்ய நிலைக்கு மீட்டமைக்க வேண்டும், இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி டார்க் ரென்ச்சால் சோதித்து, அலைன்மென்ட் தாளை இன்னொருமுறை எடுத்து, முதல் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்கள் அசையாமல் இருந்தால், அடுத்த சர்வீஸ்வரை ரப்பர் உறையைக் கண்ணால் பார்ப்பதும் கிரீஸ் செலுத்துவதும் போதும்.